பெயருக்குச் சண்டை, நோயாளிக்கு நெட்டிலிங்கம்!

மூலிகை மருந்து வியாபாரத்தில் பெயர்ச் சண்டைக்குக் குறைவே இல்லை. ஒரு கம்பெனி தைலம் ஒன்றுக்குப் பெயர் சூட்டுகிறது. பச்சை அட்டை, மஞ்சள் எழுத்து, மூலையில் ஒரு ரிஷியின் படம். பத்து வருஷம் சுவரெல்லாம் விளம்பரம். சரக்கு ஓட ஆரம்பித்ததும் இன்னொரு கம்பெனி கிளம்புகிறது. அதே பச்சை, அதே மஞ்சள்; ரிஷிக்கு மட்டும் தாடி கொஞ்சம் நீளம்; பெயரில் ஓர் எழுத்து மாற்றம். உடனே வக்கீல் நோட்டீஸ் பறக்கிறது. தடையுத்தரவு கேட்டு கோர்ட்டில் மனு விழுகிறது.

தன் சரக்கைப் பிறருடைய சரக்கு என்று நம்பவைத்து வாங்குகிறவர் தலையில் கட்டுவதற்குச் சட்டத்தில் 'பாஸிங் ஆஃப்' என்று பெயர். வாதி மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். தன் சரக்குக்கு ஜனங்களிடையே நற்பெயர் இருக்கிறது. எதிரி அந்தப் பெயரின் நிழலில் தன் சரக்கை விற்கிறான். அதனால் தனக்கு நஷ்டம். இந்த நற்பெயரைத்தான் வியாபாரிகள் 'குட்வில்' என்கிறார்கள். டிரேட் மார்க் பதிவு செய்யாதவரும் இந்த வழக்கைப் போடலாம். 1999-ம் வருஷத்து டிரேட் மார்க் சட்டத்தின் 27-வது பிரிவு அந்த உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது.

போலிச் சரக்கு விற்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. பிறர் பெயரைத் திருடி வயிறு வளர்ப்பவன் பித்தலாட்டக்காரன்; அவனைத் தடுப்பது நியாயமே. நாம் கேட்பது வேறு கேள்வி. இந்த வழக்குகளில் எல்லாம் 'பொதுஜனங்கள் ஏமாந்துபோவார்கள்' என்று கம்பெனி வக்கீல்கள் உருகுகிறார்களே, அந்தப் பொதுஜனங்களுக்குக் கடைசியில் கிடைப்பது என்ன?

இரண்டு பழைய வழக்குகளைப் பார்ப்போம். இன்றைக்கும் கோர்ட்டுகளில் இவற்றை எடுத்துக் காட்டாமல் மருந்துப் பெயர் வழக்கு நடப்பதில்லை.

அமிர்ததாரா என்பது தலைவலி, வயிற்றுப்போக்கு முதலியவற்றுக்கு வட இந்தியாவில் வீட்டுக்கு வீடு இருந்த மருந்து. லாகூரில் இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த வியாபாரம். 1903 முதல் இந்தப் பெயர். தேசப் பிரிவினைக்குப் பின் டேராடூனுக்கு வந்து சேர்ந்தது. கான்பூரில் இன்னொரு கம்பெனி 1923 முதல் இதே மாதிரி மருந்தை 'லக்ஷ்மண்தாரா' என்ற பெயரில் விற்று வந்தது. 1950-ல் கான்பூர்க்காரர் தம் பெயரைப் பதிவு செய்யப் போனார். அமிர்ததாராக்காரர் ஆட்சேபித்தார். ரிஜிஸ்திராரிடம் தொடங்கி, அலகாபாத் ஹைகோர்ட்டு வழியாக, 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு போயிற்று. ஒரு குப்பி மருந்தின் பெயருக்குப் பன்னிரண்டு வருஷம்!

ஹைகோர்ட்டு என்ன சொன்னது? ஒன்று அமிர்தத்தின் தாரை, மற்றது லக்ஷ்மணனின் தாரை. பொருள் வேறு, ஆகவே குழப்பம் இல்லை என்றது. சுப்ரீம் கோர்ட்டு இதை ஏற்கவில்லை. நம் நாட்டில் மருந்து வாங்க வருகிற கிராமத்தான் சொல்லைப் பிரித்து இலக்கணம் பார்ப்பதில்லை. முன்பு வாங்கிய மருந்தின் பெயர் அரைகுறையாக ஞாபகத்தில் இருக்கும். ஓசையை வைத்துக் கேட்பான். ராமாயணத்து லக்ஷ்மணனை அவனுக்குத் தெரிந்திருந்தாலும் அதற்காகச் சொல்லாராய்ச்சியில் இறங்க மாட்டான் என்று சொல்லிற்று. சாமான்யனின் நடைமுறையை அறிந்து எழுதிய வாசகம் அது. நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் முடிவைக் கவனியுங்கள். இரண்டு பெயரும் குழப்பம் தரும் என்று தீர்மானித்த அதே தீர்ப்பு, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் லக்ஷ்மண்தாராவைப் பதிவு செய்யலாம் என்ற ரிஜிஸ்திராரின் உத்தரவை உறுதிசெய்தது. காரணம்? இத்தனை வருஷம் கான்பூர்க்காரர் விற்றதும் விளம்பரம் செய்ததும் அமிர்ததாராக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்துவிட்டார்.

அப்படியானால் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தான் மட்டும் அரைகுறை ஞாபகம் இல்லாதவனா? அவன் காதில் மட்டும் இரண்டு ஓசையும் வேறு வேறாக விழுமா? குழம்புகிறவன் குழம்பிக்கொண்டேதான் இருப்பான். உடைமைக்காரர் தூங்கிவிட்டார், ஆகவே அந்தப் பிரதேசத்தில் குழப்பம் சட்டப்பூர்வமாகிவிட்டது. கோர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் எழுதப்பட்ட விதமே அது. அதில் வாதி வியாபாரி, பிரதிவாதி வியாபாரி. ஏமாறுகிற மனிதன் வெறும் சாட்சியம்.

இரண்டாவது வழக்கு இதற்கு நேர்த் தலைகீழ். கொச்சி ராஜ்யத்தில் 'நவரத்னா பார்மசூட்டிகல் லாபரட்டரீஸ்' என்று ஓர் ஆயுர்வேத ஸ்தாபனம். ஜலந்தரில் கவிராஜர் ஒருவர் 'நவரத்னா பார்மஸி' என்ற பெயரில் மருந்து விற்று வந்தார். வழக்கு 1964-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. நவரத்தினம் என்ற சொல் ஆயுர்வேதத்தில் எல்லோரும் வழங்குகிற சொல். அந்தத் தனிச் சொல் யாருக்கும் சொந்தமாகாது என்பது கீழ்க்கோர்ட்டிலேயே தீர்ந்துவிட்டது. கவிராஜரின் பொட்டலம் வேறு நிறம், வேறு தோற்றம், அவருடைய பெயரும் விலாசமும் பளிச்சென்று தெரியும்படி அச்சிட்டிருக்கிறது. ஆகவே 'பாஸிங் ஆஃப்' இல்லை என்றும் தீர்மானமாயிற்று. ஆனாலும் கவிராஜர் தோற்றார். ஏன்? கொச்சி ஸ்தாபனத்தின் முழுப் பெயரும் பதிவான டிரேட் மார்க். 'நவரத்னா பார்மஸி' அதற்கு மிக நெருங்கியது. பதிவான மார்க்கின் முக்கிய அம்சத்தை எடுத்தால் போதும், பொட்டலம் எவ்வளவு வேறாக இருந்தாலும் உரிமை மீறல்தான் என்று தீர்ப்பு வகுத்தது.

யாரும் ஏமாறவில்லை என்று தெரிந்த இடத்தில் தடை. ஏமாறுவார்கள் என்று தெரிந்த இடத்தில் அனுமதி! இரண்டும் சட்டப்படி சரியே. இரண்டிலும் காப்பாற்றப்பட்டது உடைமை.

நவரத்னா தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் ராஜகோபால ஐயங்கார். பேடண்டுகளைப் பற்றி 1959-ல் அவர் கொடுத்த அறிக்கைதான் 1970-ம் வருஷத்துப் பேடண்டு சட்டத்துக்கு அடிப்படை. அந்நியக் கம்பெனிகளின் பிடியிலிருந்து நம் மருந்துத் தொழில் தப்பி, நாட்டில் மலிவான மாத்திரை உற்பத்தியாக வழி பிறந்தது அதனால்தான். மருந்தில் தனிச் சொத்துரிமைக்கு எங்கே எல்லை போடவேண்டும் என்பதை அறியாத மனிதரல்ல அவர். மூலிகைப் பெயர்களுக்கு அப்படி ஓர் எல்லை போடச் சட்டசபைகளும் பார்லிமெண்டும் முன்வராததுதான் குறை.

அந்த எல்லை எவ்வளவு வழுக்குகிறது என்பதற்குப் பிற்கால உதாரணம் ஒன்று. ஹிமாலயா கம்பெனி 1955 முதல் விற்கும் 'லிவ்.52' மருந்தை எல்லோரும் அறிவார்கள். ஹோமியோபதிக் கம்பெனி ஒன்று 'லிவ்-டி' என்று ஒரு டானிக்கை விற்றது. 1997-ல் டில்லி ஹைகோர்ட்டு பெஞ்சு, 'லிவ்' என்பது ஈரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், பல கம்பெனிகள் வழங்குவது, ஒருவருக்குச் சொந்தமல்ல என்று இடைக்காலத் தடையை மறுத்தது. வழக்கு வளர்ந்தது. 2012-ல் அதே ஹைகோர்ட்டின் இன்னொரு பெஞ்சு, 'லிவ்' ஹிமாலயாவின் மார்க்கில் முக்கிய அம்சம் என்று கண்டு நிரந்தரத் தடை விதித்தது. ஈரல் நம் எல்லோருக்கும் ஒன்றுதான் இருக்கிறது. அதன் பெயரில் முதல் மூன்றெழுத்து யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்க இத்தனை வருஷம் பிடித்தது!

இப்படி வருஷக் கணக்கில் வழக்காடக் கூடியவர் யார்? சிற்றூரில் மூட்டுவலித் தைலம் காய்ச்சி, மூன்று தாலுகாவில் பெயர் எடுத்த நாட்டு வைத்தியரின் தைலத்தை ஒரு பெரிய கம்பெனி காப்பியடித்தால், சட்டப்படி அவரும் 'பாஸிங் ஆஃப்' வழக்குப் போடலாம்தான். பதிவுகூடத் தேவையில்லை என்று மேலே சொன்னோம். ஆனால் தம்முடைய நற்பெயரை அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? வருஷாவருஷம் விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவுக்கு ரசீது, ஆடிட்டர் சான்று என்று கோர்ட்டு கேட்கும். அவரிடம் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு நோட்டும், வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் வாய்ச் சொல்லும்தான். விளம்பரத்துக்குச் செலவிட்ட பணமே நற்பெயருக்குச் சாட்சி என்றால், பணம் உள்ளவனுக்கே நற்பெயர் உண்டு என்று ஆகிவிடாதா?

குட்வில் யார் உழைப்பு?

குட்வில் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. ஒரு லேகியத்துக்குப் பெயர் வந்தது என்றால், அந்தச் சேர்மானத்தைக் கண்டுபிடித்துச் சோதித்துச் சரிபார்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியர்கள். காட்டிலிருந்து வேரும் பட்டையும் கொண்டுவந்தவர்கள் மலைவாழ் மக்கள். இடித்து, சலித்து, அடுப்படியில் வெந்து, பதம் பார்த்து இறக்கியவர்கள் தொழிலாளிகள். கடைசியாகத்தான் வருகிறது அட்டைப்பெட்டியும் விளம்பரமும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைசிக் கட்டம் ஒன்றே.

மருந்துச் சட்டமும் இதற்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கென்று 1964-ல் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். இதன்படி மருந்து இரண்டு வகை. போகர் 700, புலிப்பாணி 500 போன்ற, அட்டவணையில் ஏறிய நூல்களில் சொன்னபடியே செய்வது ஒன்று. அந்த நூல்களில் உள்ள சரக்குகளையே எடுத்து, சேர்மானத்தை மாற்றிச் சொந்தப் பெயரில் விற்பது மற்றொன்று. முதல் வகையில் பெயர் பொது. யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் பெற்றுச் செய்யலாம். இரண்டாவது வகையில் பெயர் தனிச் சொத்து. எந்த வகையில் லாபம் அதிகம் என்று சொல்லவேண்டியதில்லை. நூல் மருந்தோடு ஏதேனும் ஒரு சரக்கைக் கூட்டியோ குறைத்தோ புதுப் பெயர் வைத்தால், ஆயிரம் வருஷத்து அறிவின் மேல் ஒரு கம்பெனியின் முத்திரை விழுந்துவிடுகிறது.

பெயர் விஷயத்தில் 'என்னுடையது, என்னுடையது' என்று மல்லுக்கட்டுகிற இந்த வியாபாரம், காட்டுக்குப் பங்கு கொடுக்கும் நேரத்தில் எப்படிப் பேசுகிறது? 2002-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூலிகை முதலியவற்றை வியாபாரத்துக்கு எடுப்பவர், அவற்றைக் காத்துவந்த மக்களுக்கு ஆதாயத்தில் பங்கு தரவேண்டும் என்பது அதன் நோக்கம். பதஞ்சலியோடு சேர்ந்த திவ்ய பார்மஸியிடம் உத்தராகண்ட் மாநில வாரியம் சுமார் 2 கோடி ரூபாய் பங்கு கேட்டது. 'இது அந்நியக் கம்பெனிக்குத்தான், இந்தியக் கம்பெனியான எங்களுக்குப் பொருந்தாது' என்று அந்தக் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2018 டிசம்பரில் உத்தராகண்ட் ஹைகோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளியது; இந்தியக் கம்பெனியும் பங்கு தரவேண்டும் என்றது. மலைக் கிராமங்களுக்கு ஒரு நியாயம் கிடைத்ததென்று நினைத்தோம். 2023-ல் பார்லிமெண்டு சட்டத்தையே திருத்திவிட்டது. நூல்களில் எழுதிவைக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கிலிருந்து விலக்கு!

பெயரை எடுத்தவன் நஷ்ட ஈடு கட்டவேண்டும். வேரை எடுத்தவனுக்கு விலக்கு. நன்னாரி தோண்டிக் கூடையில் சுமந்து மலை இறங்கி, தரகன் சொல்லும் விலைக்குப் போட்டுவிட்டுப் போகிற பெண்ணுக்கு இந்தக் குட்வில்லில் காலணாப் பங்கு உண்டா?

பட்டைக்குப் பட்டை

போகட்டும், நோயாளியாவது நல்ல மருந்து பெறுகிறாரா? இங்கேதான் உண்மையான ஆள்மாறாட்டம் நடக்கிறது. பெண்களின் அதிக உதிரப்போக்குக்கு அசோகப் பட்டையை நம் வைத்தியம் காலங்காலமாகச் சொல்லி வருகிறது. அசோகாரிஷ்டம் என்ற பெயரில் எத்தனையோ கம்பெனிகள் விற்கின்றன. பெயர் பொது, ஆகையால் பெயர் வழக்கு இல்லை. ஆனால் அசல் அசோக மரம் அருகிப்போன மரம். மெதுவாக வளரும், பட்டையை உரித்தே பல இடங்களில் அழித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் சந்தைக்கு வருவது நெட்டிலிங்கப் பட்டை. பள்ளிக்கூட வாசலிலும் பங்களாச் சுவரோரத்திலும் ஈட்டி மாதிரி நெட்டையாக நிற்கிறதே, அந்த மரம்தான். அதையும் ஜனங்கள் அசோக மரம் என்றே சொல்வது வியாபாரிக்கு வசதியாகப் போயிற்று. விஷமல்ல, ஆனால் நூல் சொன்ன மருந்து அதுவல்ல. இரண்டும் வேறு குடும்பத்து மரங்கள். இடித்துப் பொடியாக்கிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மைக்ராஸ்கோப்பும் ரசாயனச் சோதனையும் வேண்டும்.

ஒரு மரத்தை இன்னொரு மரமென்று விற்பது! இதைவிடப் பெரிய 'பாஸிங் ஆஃப்' உண்டா? ஆனால் அசோக மரம் கோர்ட்டுக்குப் போகாது. மரத்துக்குக் குட்வில் இல்லை, வக்கீல் இல்லை. ஆறு மாதம் குடித்தும் குணமாகாத பெண், தன் உடம்பையும் விதியையும் நொந்துகொள்வாளே தவிர, பட்டையைச் சந்தேகிக்க மாட்டாள்.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன அதே அத்தியாயம் கலப்பட மருந்தையும் போலி மருந்தையும் குற்றமாக்கியிருக்கிறது. வேறொரு மருந்தின் பெயரில் விற்பதும், ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றை வைத்து விற்பதும் போலி என்று அதன் பிரிவே சொல்கிறது. சேர்மானம் அத்தனையும், எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு என்று லேபிளில் போடவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பெயர் வழக்குப் போடக் கம்பெனிகள் படையெடுத்து நிற்கின்றன. இந்தப் பிரிவில் வழக்குப் போட வேண்டியவர் சர்க்கார் இன்ஸ்பெக்டர். அவர் எடுத்த மாதிரியைச் சோதிக்கச் சோதனைச் சாலை வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவதில் மத்திய சர்க்காருக்கோ மாநில சர்க்காருக்கோ அவசரம் ஒன்றும் காணோம்.

விளம்பரக் கதை இன்னும் விசித்திரம். இந்த மருந்துகளின் விளம்பரத்துக்கு முன் அனுமதி பெறவேண்டும் என்று 2018 டிசம்பரில் 170-வது விதி என்று ஒன்று சேர்த்தார்கள். 2024 ஜூலையில் மத்திய சர்க்காரே அதை நீக்கியது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கே முடித்துக்கொள்ளப்பட்டது, அந்தத் தடையும் போயிற்று. எந்த விளம்பரம் குட்வில்லை உண்டாக்குகிறதோ அந்த விளம்பரத்தை முன்கூட்டிச் சோதிப்பது வியாபாரத்துக்கு இடைஞ்சலாம்!

கம்பெனிக்காரர் ஒரு வாதம் சொல்வார். 'பெயரைக் காத்தால்தான் தரம் நிற்கும். பெயர் கெட்டால் எனக்கே நஷ்டம், ஆகவே நான் நல்ல சரக்கே போடுவேன்' என்பார். இதில் ஓரளவு உண்மை உண்டு; நாம் மறுக்கவில்லை. நேர்மையாகத் தொழில் செய்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. ஆனால் வாங்குகிறவருக்குத் தரத்தைச் சோதித்தறிய முடிந்தால்தான் இந்தக் கணக்குப் பலிக்கும். சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்துவிடலாம். அரிஷ்டத்துக்குள் எந்தப் பட்டை இருக்கிறது என்று யார் பார்ப்பது? நாக்குக்கு எட்டாத விஷயத்தில் பெயர் மட்டும் தரத்தைக் காக்கும் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

வேறு வழியில்லையா? நம் கண்ணெதிரே இருக்கிறது. சென்னையில் 1944-ல் சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் ஒன்றுகூடி 'இம்ப்காப்ஸ்' என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். நூலில் உள்ள மருந்தை நூலில் உள்ள பெயரிலேயே செய்து, அங்கத்தினரான வைத்தியர்களுக்கும் ஜனங்களுக்கும் கொடுப்பது அதன் வேலை. செய்முறைகளைப் பூட்டிவைக்காமல் புத்தகமாக அச்சிட்டும் வெளியிட்டது. 1983-ல் தமிழ்நாடு சர்க்கார் 'டாம்ப்கால்' என்ற மூலிகை மருந்துக் கழகத்தை ஆரம்பித்தது. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் அண்டா அண்டாவாக நிலவேம்புக் குடிநீர் வழங்கினார்களே, அது யாருடைய டிரேட் மார்க்? யாருடையதும் அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு: ஒன்பது சரக்கும் ஊரறிந்த ரகசியம். அந்தக் குடிநீரின் பலனை எவ்வளவு தூரம் நிரூபித்திருக்கிறார்கள் என்பது டாக்டர்கள் விவாதிக்க வேண்டிய விஷயம். நாம் சொல்வது பெயரைப் பற்றி. பெயர் பொதுவாக இருந்ததால் சர்க்காரும், கூட்டுறவும், சிறு வைத்தியரும் ஒரே நேரத்தில் காய்ச்ச முடிந்தது.

இங்கிலீஷ் மருந்து விஷயத்தில் சட்டம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் அறிவிக்கும் பொது மருந்துப் பெயர்களை எவனும் தன் டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய முடியாது என்கிறது 1999-ம் வருஷச் சட்டத்தின் 13-வது பிரிவு. பாரசிட்டமால் என்ற சொல் எந்த முதலாளிக்கும் சொந்தமல்ல. அதே பாதுகாப்பு நிலவேம்புக்கும் திரிபலாவுக்கும் ஏன் இல்லை? அட்டவணை நூல்களில் உள்ள சரக்குப் பெயர், மருந்துப் பெயர் அனைத்தையும் தமிழிலும் மற்ற மொழிகளிலும் பட்டியலிட்டு அந்தப் பிரிவில் சேர்க்கட்டும். அடையோ விகுதியோ ஒட்டிக்கொண்டு அவற்றைப் பதிவு செய்ய வருகிற மனுக்களை ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பட்டும். பெயர் வழக்கில் தடையுத்தரவு கேட்டு வருகிற இரு தரப்பு மருந்தையும், லேபிளில் சொன்ன சரக்குத்தான் உள்ளே இருக்கிறதா என்று முதலில் சோதித்து அறிக்கை வைக்கும்படி கோர்ட்டு கேட்கட்டும். மாவட்டந்தோறும் சோதனைச் சாலை வரட்டும். மருந்துக் கம்பெனியின் வாசலில் அசோகப் பட்டை மூட்டை வந்து இறங்கும்போதே அதிலிருந்து ஒரு பிடி அங்கே போகட்டும்.